முதற் பக்கத்து மோதலும் கடைசிப் பக்கத்து மோதலும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளுக்கு எழுதி வந்திருக்கிறேன். இத்தனை காலத்தில் நான் அதிகமாக எழுதிய சொல் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் விடை சொல்வேன்: ‘மோதல்’. எங்கள் பத்திரிகைத் தமிழில் அது ஒரு விசித்திரமான சொல். முதற் பக்கத்தில் வந்தால் கடைகள் மூடப்படும். கடைசிப் பக்கத்தில் வந்தால் சிறுவர்கள் கத்தரித்து ஒட்டி வைப்பார்கள். இரு குழுக்கள் மோதியதில் மூவர் காயம் என்பதையும், இறுதிப் போட்டியில் இரு அணிகள் மோதவுள்ளன என்பதையும், ஈய எழுத்துக் காலத்தில் ஒரே அச்சுக்கோப்பாளர் ஒரே பெட்டியிலிருந்து எழுத்தெடுத்துத்தான் கோத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சொல்லை மறந்திருந்தேன். மறுபடியும் என் முன்னே கொண்டுவந்து வைத்தவன் என் தங்கையின் மகன். சாய்ந்தமருதில் கராத்தே வகுப்பு நடத்துகிறான். பகலில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. மாலையில் வெள்ளை உடையும் கறுப்புப் பட்டியும். சென்ற ஆண்டு தனது மாணவர்களை முதன்முறையாகச் சண்டைப் போட்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று புறப்பட்டான். அதில் எனக்கு என்ன வேலை என்பதைச் சொல்வதற்கு முன், எங்கள் ஊர்களின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே வாருங்கள். பெரியநீலாவணை தமிழ் ஊர். அடுத்த மருதமுனை முஸ்லிம் ஊர், கைத்தறிக்குப் பேர்போனது. அதற்கடுத்த பாண்டிருப்பு தமிழ் ஊர். பிறகு இரு சமூகத்தவரும் கலந்து வாழும் கல்முனை நகரம். கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம்கள் வாழ்வன. அதைத் தாண்டினால் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, தமிழ் ஊர். அதற்கப்பால் நிந்தவூர், மீண்டும் முஸ்லிம் ஊர். தறியில் ஓடும் இரு நிற இழை போலத்தான். ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெளி கிடையாது. ஒரு ஒழுங்கையோ, ஒரு மதகோ, ஒரு பெயர்ப்பலகையோதான் எல்லை. பேசும் மொழி ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது எந்த எல்லைப் பலகையையும் அது வாசித்துப் பார்க்கவில்லை.

இத்தகைய ஊர்களில் ஒரு பையன் மற்றொரு பையனை அடிப்பது ஒருபோதும் அவர்கள் இருவர் மட்டும் சம்பந்தப்பட்ட விடயமாக இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சண்டைக் கலை புதிதன்று. சீனடி, சிலம்படி, வாள்வீச்சு என்று கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் ஒரு நெடிய மரபு உண்டு. கலியாண ஊர்வலங்களிலும் பெருநாட்களிலும் அவற்றை ஆடிக் காட்டுவார்கள். எனக்குப் பத்து வயதாயிருக்கும்போது எங்கள் வளவுக்கு ஒரு அண்ணாவியார் வருவார். இஷாத் தொழுகைக்குப் பிறகு, நிலா வெளிச்சத்தில், மணல் பரப்பிய முற்றத்தில் பயிற்சி. கம்பின் நுனியில் கந்தைத் துணியைச் சுற்றிக் கரியில் தோய்த்துக் கொடுப்பார். ஆட்டம் முடிந்ததும் அரிக்கன் இலாம்பைத் தூக்கிப் பிடித்து எங்கள் வெற்றுடம்பில் கரிப் பொட்டுக்களை எண்ணுவார். அதிகம் பொட்டு வாங்கியவன் தோற்றவன். ஆனால் பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் தழும்பு இருந்தால் அடித்தவன் தோற்றவன். அன்றிரவு அவனுக்குக் கம்பு கிடையாது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் அடிக்கடி ஓரமாக நின்றவன்.

அந்த அண்ணாவியாருக்குப் பின்னால் வந்த தலைமுறைக்குக் கராத்தே வந்தது. 1973இல் வெளியான புரூஸ் லீயின் ‘எண்டர் த டிராகன்’ எங்கள் பக்கத்துத் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்ததும், ஊரில் பாதிப் பையன்கள் தென்னங்கீற்று மட்டையைச் சங்கிலியில் கோத்துச் சுழற்றித் தலையில் அடிபட்டுக்கொண்டார்கள். (இலங்கைக் கராத்தேயின் முன்னோடிகளில் போனி ரொபர்ட்ஸின் பெயரை அறிந்தவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு முன்னோடி புரூஸ் லீதான். அவர் பயின்றது கராத்தே அல்ல என்று சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவார்கள்.)

மருமகனின் வகுப்புக்கு ஆண்டு பலவாகியும் அவன் மாணவர்கள் எந்தச் சண்டைப் போட்டிக்கும் போகாததற்குக் காரணம் உண்டு. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. அதே வாரம் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் நடந்தன. அதன் பிறகு இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்ன காலம். சிறுவர்களை வரிசையில் நிறுத்திக் குத்தப் பழக்குகிறான் ஒருவன் என்பது எப்படிக் காதில் விழும்? அவன் வகுப்பை மூடிவிட்டான். தாய்மார் சிலர் வெள்ளை உடைகளைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். பிறகு 2020இல் கொரோனா. பிறகு 2022இல் எரிபொருள் வரிசை. பல்லுறையும் கையுறையும் வாங்கும் விலையில் இருக்கவில்லை. இத்தனைக்கும் பிறகுதான் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஏழு பிள்ளைகள். நால்வர் ஆண்கள், மூவர் பெண்கள். மட்டக்களப்பில் நடக்கவிருந்த ஒரு சுற்றுப்போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது.

ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தான்.

“மாமா, இவங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனா ஒண்டும் தெரியா” என்றான்.

விளக்கச் சொன்னேன். ‘கத்தா’ என்பது தனியாக ஆடும் வரிசை. கற்பனை எதிரியோடு போர். அதில் அவன் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ‘குமித்தே’ என்பது எதிரே உயிருள்ள ஒருவனை வைத்துக்கொண்டு ஆடுவது. கற்பனை எதிரி திருப்பி அடிப்பதில்லை, எதிர்பாராத நேரத்தில் பின்வாங்குவதில்லை, முறைத்துப் பார்ப்பதில்லை. வகுப்புக்குள் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்க விட்டாலோ, ஒன்றாக மதரசாவுக்குப் போகும் பிள்ளைகள். இன்னார் வலது காலைத்தான் தூக்குவான் என்று முன்கூட்டியே தெரியும். அடிபட்டால் சிரிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவன் முன்னே நிற்கும்போது வரும் பயத்தை அறிமுகமானவனைக் கொண்டு பழக்க முடியாது என்றான்.

“அப்ப என்ன செய்யலாம்?”

“காரைதீவுல என்ட கூட்டாளி ஒருத்தர் வகுப்பு நடத்துறார். அவர்ட புள்ளைகளும் இதுதான் முதல் தரம். சனிக்கிழமையில ரெண்டு பக்கமும் ஒண்டாப் பழகலாம். ஒரு கிழமை இஞ்ச, ஒரு கிழமை அங்க. நீங்க தாய் தகப்பன்மாரோட கொஞ்சம் கதைச்சித் தாங்களன்.”

இதுதான் என் வேலை. நரைத்த தலைக்கும் பழைய நிருபர் என்ற பெயருக்கும் ஊரில் இன்னும் கொஞ்சம் மதிப்பு மிஞ்சியிருக்கிறது என்று நம்புகிறான், பாவம்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. காரணத்தை அவனிடம் அன்று சொல்லவுமில்லை. 1982இல், நிருபராகச் சேர்ந்த புதிதில், இரண்டு ஊர்களுக்கிடையே நடந்த ஒரு உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்களின் பெயர் வேண்டாம். ஓஃப்சைட் கொடுத்ததா கொடுக்காததா என்று இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள், ஒருவனுக்கு உதடு கிழிந்திருந்தது. அவ்வளவுதான். ஆட்டத்தின் முடிவை எழுதி அனுப்பினால் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி வரும் என்று எனக்குத் தெரியும். நான் வேறு விதமாக எழுதினேன். ‘இரு சமூக இளைஞர்களிடையே மோதல்’ என்று தொடங்கினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இளைஞர்கள், இரு சமூகம், மோதல், எல்லாம் உண்மை. செய்தி முதற் பக்கத்தில் வந்தது. பெயர் போடப்பட்டு வந்த எனது முதலாவது செய்தி அது. மறுநாள் இரண்டு ஊரிலும் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் சந்தைக்குப் போன ஒரு மரக்கறி வியாபாரியின் சைக்கிளையும் கூடைகளையும் மதகில் தள்ளிவிட்டிருந்தார்கள். அவருக்கும் உதைபந்தாட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிறகு வந்த பெரிய கொடுமைகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆயினும் பெரிய கொடுமைகளை நான் எழுதவில்லை, நடந்தபிறகு பதிவுதான் செய்தேன். இதை நான் எழுதினேன்.

ஆகவே பெற்றோரைச் சந்திக்கப் போனபோது அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. ஒரு மீன் வியாபாரி, நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டார்.

“எங்கட புள்ளைக்கு அடிபட்டாப் பரவாயில்ல சேர். எங்கட புள்ள அடிச்சி அவங்கட புள்ளைக்கு என்னயும் ஆகிட்டா?”

விடை சொல்ல முடியாமல் என் சொந்தக் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. சம்மதிக்க வைப்பதற்கு அது உகந்த கதையேயில்லை. அவர் நீண்ட நேரம் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இந்தத் தரம் நீங்க எழுதாம இருங்க” என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

முதலாவது சனிக்கிழமை சாய்ந்தமருதில் ஒரு பாடசாலை மண்டபத்தில். காரைதீவிலிருந்து ஆறு பிள்ளைகள் தங்கள் ஆசிரியரோடு சைக்கிளில் வந்தார்கள். இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி நின்றன. அன்று முழுவதும் ஒருவரையும் அடிக்க விடவில்லை. எதிரே நில், கண்ணைப் பார், ஒரு அடி முன்னே போ, அவன் ஒரு அடி பின்னே போவான், இடைவெளி மாறக்கூடாது. ஒரு மணித்தியாலம் இதே. கராத்தேயில் பாதி வெற்றி இந்த இடைவெளியில்தான் இருக்கிறதாம். எட்ட நின்றால் உன் குத்துப் படாது. கிட்ட நின்றால் உனக்குப் படும்.

அடுத்து விதிகள். உலகக் கராத்தே சம்மேளனத்தின் முறைப்படி குத்துக்கு ஒரு புள்ளி, அது யூக்கோ. உடலுக்கு உதைத்தால் இரண்டு, அது வாசாரி. தலைக்கு உதைத்தால் மூன்று, அது இப்பொன். ஆனால் கை போய்ச் சேர்ந்துவிட்டதால் மட்டும் புள்ளி வராது. வடிவம் சரியாக இருக்க வேண்டும், நேரம் சரியாக இருக்க வேண்டும், தூரம் சரியாக இருக்க வேண்டும். அடித்த பிறகும் விழிப்போடு நிற்க வேண்டும். அதற்கு ‘சான்ஷின்’ என்று பெயர். அடித்துவிட்டோம் என்று கையைத் தூக்கிக் குதிப்பவனுக்குப் புள்ளி போய்விடலாம். பிள்ளைகள் பிரிவில் முகத்துக்குப் போகும் கை முகத்துக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். பட்டால் எச்சரிக்கை, பலமாகப் பட்டால் அடித்தவன் வெளியே. எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: படாத அடி பட்டதாகப் பாசாங்கு செய்து நிலத்தில் உருள்பவனுக்கும் தண்டனை உண்டு. இந்த விதியை எங்கள் அரசியலுக்கும் பத்திரிகைகளுக்கும் நீட்டித்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

நிற்கும் கையைப் பழக்குவதற்கு மருமகன் கையாண்ட வழி ஒன்று என்னையும் உள்ளே இழுத்துவிட்டது. வீட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய பத்திரிகைகளைக் கேட்டான். ஒற்றைத் தாளாகக் கயிற்றில் தொங்கவிட்டான். முழு வேகத்தில் குத்த வேண்டும்; தாள் நடுங்க வேண்டும்; கிழியக்கூடாது. முதல் நாள் ஒரு கட்டுப் பத்திரிகை கந்தலாகியது. அதில் என் கட்டுரைகளும் சில இருந்தன. மூன்றாவது வாரம் தாள்கள் நடுங்கத் தொடங்கின.

வீடுகளிலும் ஆயத்தம் நடந்தது. பல்லுறையைக் கொதிநீரில் போட்டு, இளகியதும் வாயில் வைத்துக் கடித்து, பல்லின் அச்சுப் பதிய வைக்க வேண்டும். ஒரு பிள்ளையின் மூத்தம்மா அதை இடியப்ப நீற்றுப்பெட்டியோடு வைத்து அவித்துவிட, அது பால்கோவா மாதிரி ஆகிவிட்டது. பெண்பிள்ளைகளின் தலைத்துணிக்கு ஊசி குத்தக்கூடாது. முடி முழுதும் மறைய வேண்டும், இழுபட்டால் எவருக்கும் காயம் வரக்கூடாது. சர்வதேசப் போட்டிகளில் இத்தகைய தலைத்துணிக்கு அனுமதி கிடைத்துப் பத்தாண்டுக்கு மேலாகிறது. கல்முனைத் தையற்காரர் ஒருவர் மருமகனின் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். படத்தில் இருந்தவர் பெரியால் அப்தெல் அஸீஸ். 2021 ஓகஸ்ட் 7இல் டோக்கியோவில் வென்று, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதலாவது எகிப்தியப் பெண்ணானவர். துணி அளவெடுக்க வந்த தாய்மார் அந்தப் படத்தை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை, காரைதீவில், அந்த மீன் வியாபாரி பயந்தது நடந்தது.

அவருடைய மகன்தான். உயரமான பையன், கை நீளம். காரைதீவுப் பையன் உள்ளே நுழைந்ததும் நுழைந்த அதே கணத்தில் இவன் கை புறப்பட்டது. நிற்க வேண்டிய இடம் அவன் நகர்வால் பின்னே போய்விட்டது. மூக்கில் பட்டது. வெள்ளை உடையில் இரத்தம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் ஓரடி உள்ளே வந்தார்கள். நான் என்னையறியாமல் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த ஓரடியை எனக்குத் தெரியும். எத்தனையோ செய்திகளின் முதல் வரி அந்த ஓரடிதான்.

இரண்டு ஆசிரியர்களும் ஒரே குரலில் “யமே” என்றார்கள். ஜப்பானிய மொழியில் நிறுத்து என்று பொருள். பதின்மூன்று பிள்ளைகளும், அடிபட்டவன் உட்பட, நின்ற இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். ஐந்து வாரமாக அதைத்தான் பழகியிருந்தார்கள்: யாருக்காவது காயமென்றால் மற்றவர்கள் உட்கார வேண்டும். நிற்பவர்கள் இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே. மண்டபம் முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டிருப்பது வாசலில் நின்ற இளைஞர்களுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போலும், பின்வாங்கிவிட்டார்கள். மருமகன் பையனைக் குனிய வைத்து மூக்கின் மெதுவான பாகத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். பக்கத்து மீன் வாடியிலிருந்து ஒருவர் ஐஸ் கட்டியைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். பத்து நிமிடத்தில் இரத்தம் நின்றது. எலும்புக்கு ஒன்றுமில்லை.

அன்று மாலையே மீன் வியாபாரி மகனையும் கூட்டிக்கொண்டு, பெரிய பாரை மீன் ஒன்றையும் எடுத்துக்கொண்டு காரைதீவு வீட்டுக்குப் போனார். நானும் போனேன். பையனின் தகப்பன் முற்றத்தில் கதிரை போட்டார். “என்ன நீங்க, விளையாட்டெண்டா அடி படுந்தானே. இதுக்கு மீன் வேறயா?” என்றார். மீனை உள்ளே கொடுக்கவும் செய்தார். மூக்கு வீங்கிய பையன் கதவோரம் நின்று எங்கள் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பயிற்றுவிப்பவனுக்கு அப்போதுதான் விடயம் தொடங்கியது. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பையனின் கை புறப்படவேயில்லை. எதிரி திறந்து நிற்பான். இவன் பார்த்துக்கொண்டே நிற்பான். அடிபடும் பயத்துக்கு மருந்து உண்டு, பத்துத் தரம் அடிபட்டால் போய்விடும் என்று மருமகன் சொன்னான். அடிக்கும் பயத்துக்குத் தன்னிடம் மருந்து இல்லை என்றான். நல்ல பிள்ளைகளுக்குத்தான் அது வருகிறதாம்.

டோக்கியோவின் அதே நாளில் நடந்த மற்றொரு இறுதிப் போட்டியைப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் காட்டினான். சவூதி அரேபியாவின் தாரிக் ஹமதி, ஈரானின் ஸஜ்ஜாத் கன்ஜ்ஸாதே. நாலுக்கு ஒன்று என்று ஹமதி முன்னணியில். சவூதியின் வரலாற்றில் முதலாவது ஒலிம்பிக் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில். அந்த வேளையில் அவர் உயர்த்திய கால் கன்ஜ்ஸாதேயை நினைவிழந்து விழச் செய்தது. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டுப்பாடு இழந்த அடி என்று ஹமதியை நீக்கினார்கள். தூக்குக் கட்டிலில் கொண்டு செல்லப்பட்டவர் கண் விழித்தபோது தங்கம் அவருடையதாகியிருந்தது.

“அவர் வேணுமெண்டா அடிச்சார்?” என்று எங்கள் பையன் கேட்டான்.

“இல்ல.”

“அப்ப ஏன் சேர் வெளியில போட்டாங்க?”

“வேணுமெண்டு அடிச்சாலும் வேணுமெண்டு அடிக்காட்டியும் மற்றவருக்கு வலி ஒண்டுதானே மகன்.”

இது அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று மருமகன் எப்படி நினைத்தான் என்று விளங்கவில்லை. கராத்தேயை ஒக்கினாவாவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டு சென்ற கிச்சின் புனகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். இதைப் போட்டியாக்குவதை அவர் விரும்பியதில்லை. 1957 ஏப்ரலில் அவர் காலமானார். அந்த ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதலாவது தேசியச் சுற்றுப்போட்டி நடந்தது. ஹிரோக்காசு கனசாவா முறிந்த கையோடு சண்டை பிடித்து வென்றார். பிள்ளைகளுக்குக் கனசாவாவின் கதை பிடித்திருந்தது. எனக்கு என்னவோ புனகோஷியின் பக்கம் சாயத் தோன்றியது.

மருந்து கடைசியில் வேறிடத்திலிருந்து வந்தது. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், காரைதீவுப் பையன் தானாகப் போய்த் தொங்கிய பத்திரிகைத் தாளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நின்றான். “எனக்குக் குத்து” என்றான். இரண்டு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், தடுக்கவில்லை. எங்கள் பையன் முதலில் ஒரு முழத்துக்கு முன்னால் நிறுத்தினான். “தூரம்” என்றான் மற்றவன். பிறகு ஒரு சாண். “தூரம்.” பிறகு நாலு விரல். அவன் கண் இமைக்கவில்லை. இருபது, முப்பது தரம் நடந்திருக்கும். அன்று முழுவதும் அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை.

போட்டியன்று ஞாயிற்றுக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஒரே வேனில் பதின்மூன்று பிள்ளைகளும் புறப்பட்டோம். களுவாஞ்சிகுடி தாண்டிக் குருக்கள்மடம் வரும்போது எங்கள் வேன் சாரதி பாட்டை நிறுத்தினார். 1990 யூலையில் அங்கு பயணிகளுக்கு நேர்ந்ததை எங்கள் வயதுக்காரர் எவரும் மறக்கவில்லை. முன்னிருக்கையில் இருந்த காரைதீவு ஆசிரியர் அதைக் கவனித்தார். அவர் குடும்பத்துக்கும் 1990 உண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில் வீரமுனையில் நடந்ததைச் சொன்னால் அவரும் பேச்சை நிறுத்துவார். பின்னாலிருந்த பிள்ளைகள் எந்தப் பல்லுறை யாருடையது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சாரதி பாட்டை மறுபடி போட்டார்.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் முதற் சுற்றிலேயே தோற்றார்கள். எங்கள் பெண்பிள்ளை ஒருத்திக்கு வெண்கலம். காரைதீவுப் பையன் ஒரு சண்டையில் வென்று அடுத்ததில் தோற்றான். மீன் வியாபாரியின் மகனுக்குத் திருகோணமலையிலிருந்து வந்த ஒரு பையன் எதிரி. எங்களவன் நீலப் பட்டி. தொடங்கிச் சிறிது நேரம் வரை கை புறப்படவில்லை. சண்டை பிடிக்கச் சொல்லி நடுவர் எச்சரித்தார். விரிப்புக்கு வெளியே, பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு குரல் “தூரம்! தூரம்!” என்று கத்தியது. யார் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கை புறப்பட்டது. முகத்துக்கு நாலு விரல் முன்னே நின்றது. நீலக் கொடிகள் உயர்ந்தன. யூக்கோ. ஒரு புள்ளி.

அதன் பிறகு அந்தத் திருகோணமலைப் பையன் அழகான ஒரு உதையைத் தலைக்குக் கொண்டு வந்து மூன்று புள்ளி எடுத்துவிட்டான். மூன்றுக்கு ஒன்று. எங்களவன் குனிந்து வணங்கி, எதிரிக்கும் எதிரியின் ஆசிரியருக்கும் கை கொடுத்துவிட்டு வந்து, மருமகனிடம் முதலாவதாகக் கேட்டது: “அவனுக்குப் படல்லதானே சேர்?”

எழுதாமல் இருங்கள் என்று மீன் வியாபாரி சொல்லியிருந்தாரல்லவா? திரும்பி வந்த அன்றிரவு அவரிடமே அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டு, “கடைசிப் பக்கத்துக்கெண்டா எழுதுங்க” என்றார். ஐந்து வரியில் எழுதி, இப்போது அந்தப் பகுதிக்கு நிருபராக இருக்கும் தம்பியிடம் கொடுத்தேன். நாலு நாள் கழித்துச் செய்தி வந்தது. தலைப்பில் ‘மோதினர்’ என்ற சொல்லை அவர்களே சேர்த்திருந்தார்கள். பையனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அவன் அதைப் பேனையால் திருத்தி, கத்தரித்து, கணக்குக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான். இன்னொரு பிரதி வேண்டும், காரைதீவுக்குக் கொடுக்க, என்று மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.